நோட்டு அச்சிடுவதைப் பசுமையாக்க முடியுமா? கழிவுப் பஞ்சிலிருந்து ஏடிஎம் ஏசி வரை

கேள்வி இதுதான்: ரூபாய் நோட்டு தயாரிப்பதால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் பாதிப்பைக் குறைக்க என்ன வழி? எல்லாவற்றையும் பிளாஸ்டிக் நோட்டாக மாற்றினால் போதுமா? யுபிஐ வந்தபிறகு நோட்டு அச்சிடுவதே தேவையா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதிப்பைக் குறைக்கலாம், நிறையவே குறைக்கலாம். ஆனால் அச்சகத்துக்குள் செய்யக்கூடியது அதில் ஒரு பங்குதான். ஒரு நோட்டு எத்தனை மாதம் தாங்குகிறது, எத்தனை தடவை வேனில் ஏறி இறங்குகிறது, எந்த மாதிரிப் பெட்டிக்குள் காத்திருக்கிறது என்பவைதான் கணக்கைத் தீர்மானிக்கின்றன. காகிதமா பாலிமரா (அதாவது பிளாஸ்டிக்கா) என்ற விவாதம் இவற்றுக்கு அப்புறம் வருவது. நம் ஊரில் அதை முதலில் வைத்துப் பேசுகிறோம் என்பது என் கருத்து.

இதற்கு நல்ல ஆதாரம் ஐரோப்பாவில் கிடைக்கிறது. ஐரோப்பிய மத்திய வங்கி யூரோ நோட்டின் முழு வாழ்க்கையையும், அதாவது பருத்திச் செடி தொடங்கி துண்டாக்கும் இயந்திரம் வரை, 2019ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டு 2023இல் வெளியிட்டது. ஒரு குடிமகனுக்கு ஆண்டு முழுவதும் நோட்டால் வரும் பாதிப்பு, ஒரு காரில் 8 கிலோமீட்டர் போவதற்குச் சமம். அதைப் பிரித்துப் பார்த்தால் 37 சதவீதம் ஏடிஎம் இயந்திரங்களின் மின்சாரம். 35 சதவீதம் பணத்தை இடம் மாற்றும் வண்டிகள். மத்திய வங்கிகள் நோட்டை எண்ணித் தரம் பிரிப்பதற்கு 10 சதவீதம். காகிதம் செய்வதற்கு வெறும் 9. கடைகளில் கள்ள நோட்டைச் சோதிக்கும் கருவிகள்கூட 5 சதவீதம் எடுத்துக்கொள்கின்றன!

இந்த எண்களை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்த முடியாது. நம் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு மிக அதிகம், நம் நோட்டு படும் பாடும் வேறு. ஆனால் கணக்கின் வடிவம் பெரிதாக மாறாது. வங்கிகளில் ரிசர்வ் வங்கியின் நோட்டு இருப்பை வைத்திருக்கும் சுமார் 2,700 கரன்சி செஸ்ட்டுகள், 2 லட்சத்துக்கும் அதிகமான ஏடிஎம்கள், அவற்றுக்கிடையே நாள்தோறும் ஓடும் வேன்கள் என்று பார்த்தால் எடை எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்துவிடும்.

சரி, தயாரிப்புக்கே வருவோம். இந்திய நோட்டுகள் நான்கு இடங்களில் அச்சாகின்றன. நாசிக்கும் தேவாஸும் மத்திய அரசின் நிறுவனத்தின் கீழ் வருபவை. மைசூருவும் மேற்கு வங்கத்தின் சல்போனியும் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனத்துக்குச் சொந்தம். காகிதம் நர்மதாபுரத்திலும் (பழைய பெயர் ஹோஷங்காபாத்) மைசூருவிலும் தயாராகிறது. மைசூரு காகித ஆலையின் திறன் மட்டும் ஆண்டுக்கு 12,000 டன். 2024-25இல் நோட்டு அச்சிட ஆன செலவு 6,372.8 கோடி ரூபாய், அதற்கு முந்தைய ஆண்டு 5,101.4 கோடி. ஆக, வீணைக் குறைத்தால் கஜானாவுக்கும் லாபம். பசுமைத் திட்டங்களில் இப்படி இரண்டு பலனும் ஒரே திசையில் அமைவது அபூர்வம்.

காகிதம் என்கிறோமே தவிர இதில் மரக்கூழ் கிடையாது, முழுக்கப் பருத்தி. அதுவும் நூற்பாலைகளில் பஞ்சைச் சீவி நீளமான இழைகளை எடுத்த பிறகு மிஞ்சும் குட்டை இழைகள் இதற்கு முக்கியமான மூலப்பொருள். கோவை, ராஜபாளையம் பக்கம் மில்லில் வேலை பார்த்தவர்களுக்குக் கோம்பர் நாயில் என்றால் புரியும், வெளியே பொதுவாகக் கழிவுப் பஞ்சு என்பார்கள். நம் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பாலைகள் இதை வைத்துத்தான் லுங்கி, போர்வைக்கான தடித்த நூலை நூற்கின்றன. வெளிநாட்டு நோட்டுக் காகித ஆலைகளும் இதைத் தேடி வாங்குவதால் விலை ஏறும்போதெல்லாம் ஓ.இ. மில்காரர்கள் புலம்புவது வழக்கம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பருத்தி வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீரையும் அடித்த பூச்சி மருந்தையும் யார் கணக்கில் எழுதுவது? சட்டைத் துணியின் கணக்கிலா, மிச்சமான குட்டை இழையின் கணக்கிலா? கழிவுதானே என்று பூஜ்யம் போட்டால் காகித நோட்டு மிகப் பசுமையாகத் தெரியும். எடை விகிதத்தில் பங்கு பிரித்தால் அதன் நிறம் மாறிவிடும். விலை விகிதத்தில் பிரித்தால் விடை இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கும். ஆகவே காகிதத்தையும் பாலிமரையும் ஒப்பிடும் எந்த அறிக்கையைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த ஒரு பக்கத்தைத்தான். அதைப் பார்க்காமல் கடைசி எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவதில் அர்த்தமில்லை.

யூரோ அமைப்பு, அதாவது யூரோ நாடுகளின் மத்திய வங்கிகளின் கூட்டு, இதற்கு நேரடியாக ஒரு வழி கண்டது. 2014 வாக்கில் தொடங்கி, நிலைத்த முறையில் விளைந்த பருத்தியின் பங்கைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே வந்தார்கள், அடுத்த கட்டமாக இயற்கை வேளாண் பருத்தியை இலக்காக வைத்திருக்கிறார்கள். நமக்கு இது எட்டாத விஷயமே இல்லை. இயற்கைப் பருத்தி விளைச்சலில் உலகின் முன்னணி நாடே இந்தியாதான். நோட்டுக்குத் தேவைப்படுவதோ நாட்டின் மொத்தப் பருத்தியில் ஒரு துளி. சான்றிதழ் உள்ள மில்களிலிருந்து கழிவுப் பஞ்சைத் தனியே பிரித்து வாங்கும் ஒப்பந்த விதி ஒன்று எழுதினால் போதும்.

பஞ்சைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, நீரில் அடித்துக் கூழாக்கி, நீர்க்குறி பதியும் உருளை வழியாகத் தாளாக எடுக்கிறார்கள். தண்ணீரும் வெப்பமும் அதிகம் தின்னும் வேலை. வெளுப்பதற்குக் குளோரினை விட்டுவிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்துவது, தாள் இயந்திரத்திலிருந்து வடியும் நீரை வடிகட்டி மறுபடி உள்ளே விடுவது, உலர்த்தும் நீராவியின் வெப்பத்தை மீட்பது ஆகியவை எல்லாக் காகித ஆலைகளுக்கும் தெரிந்த உத்திகள். நோட்டுக் காகிதத்துக்கே உரிய சிக்கல் வேறு. சட்டைப் பையோடு துவைக்கப் போட்டாலும் நோட்டு கரையாமல் வருகிறது அல்லவா? பருத்தி இழை மட்டும் அதற்குக் காரணமில்லை, ஈரத்தில் பிரியாமல் இருக்கக் கூழில் ஒருவிதப் பிசின் சேர்க்கிறார்கள். நீண்ட காலமாக மெலமின் ஃபார்மால்டிஹைடு வகைப் பிசின்தான் இதற்குப் பயன்பட்டது. நோட்டுக்கு ஆயுளைக் கொடுக்கும் இதே பிசின்தான், ஆயுள் முடிந்தபின் அதைக் கூழாக்கி மறுபடி தாள் செய்வதையும் கடினமாக்குகிறது. இந்த முரண் கடைசியில் மறுபடி வரும்.

அச்சுக்கூடத்தில் என்னைக் கேட்டால் முதல் கவனம் இன்டாக்ளியோ பிரிவுக்குத்தான். காந்தி முகத்தைத் தடவினால் விரலில் ஒரு மேடு தட்டுமே, அந்த அச்சு. தகட்டில் பள்ளமாகச் செதுக்கிய கோடுகளுக்குள் கெட்டியான மை இறங்க வேண்டும், மேற்பரப்பு மட்டும் துப்புரவாக இருக்க வேண்டும். அதனால் முதலில் தகடு முழுக்க மையைப் பூசி, பின்பு ஓர் உருளையால் துடைத்து எடுக்கிறார்கள். பூசிய மையில் பெரும்பகுதி நோட்டுக்குப் போகாமல் இப்படித் துடைப்பில் போய்விடுகிறது. அந்த உருளையைக் கழுவுவதற்குக் காஸ்டிக் சோடாவும் சல்போனேற்றம் செய்த ஆமணக்கு எண்ணெயும் கலந்த நீர். இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் இந்தக் கழுவுநீர் மையோடு கலந்து கரிய, காரத்தன்மை மிக்க கழிவாக வெளியே வந்துகொண்டிருக்கும். நோட்டு அச்சகத்தின் மிக மோசமான திரவக் கழிவு இதுவே.

இதற்குத் தீர்வும் இருக்கிறது. மிக நுண்ணிய சவ்வுகள் வழியாக அழுத்தித் தள்ளினால் மை ஒரு பக்கம் கசண்டாகத் தங்கும், காரநீர் மறுபக்கம் தெளிந்து வந்து மறுபடி கழுவப் பயன்படும். நீரை ஆவியாக்கி மீட்கும் முறையும் உண்டு. இவை கழிவு வந்தபின் செய்யும் வைத்தியம். அதைவிட நல்லது, படம் இருக்கும் இடத்தில் மட்டும் மை படும்படி மை உருளையை வெட்டி அமைப்பது. மையும் மிச்சமாகும், கழுவுநீரும் குறையும். ஓர் அச்சகம் உண்மையிலேயே பசுமையாகிறதா என்று கேட்டால், கூரை மேல் எத்தனை சூரியத் தகடு என்பதை விட, ஆயிரம் தாளுக்கு எத்தனை லிட்டர் கழுவுநீர் வெளியேறுகிறது என்ற எண்ணைக் கேட்பேன்.

இன்டாக்ளியோ தகட்டின் மேல் பூசும் குரோமியம் இன்னொரு தலைவலி. நிக்கல் தகடு லட்சக்கணக்கான அழுத்தங்களைத் தாங்க வேண்டும் என்பதற்காகக் கெட்டியான குரோம் பூச்சு கொடுப்பார்கள், அந்தத் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் விளைவிப்பது. வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து மக்களுக்குக் குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் இதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு இறுகியதால், வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைக்கும் பூச்சுகளுக்கு அச்சகங்கள் மாறத் தொடங்கின. மற்றபடி மையை உலர்த்தும் பாதரச விளக்குகளுக்குப் பதில் எல்இடி வைப்பது மாதிரியான மாற்றங்கள் எளிமையானவை, விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. மைசூருவில் வர்ணிகா என்ற மை ஆலை 2022 முதல் இயங்குவதால், ஆண்டுக்கு 1,500 டன் மை உள்நாட்டிலேயே செய்ய முடிகிறது. உள்ளே என்ன கரைப்பான், என்ன உலர்த்தி என்பதை நாமே தீர்மானிக்கும் வசதி இதனால் கிடைத்திருக்கிறது.

இனி பாலிமர். ஆஸ்திரேலியா 1988இல் தன் இருநூறாம் ஆண்டு நினைவாக 10 டாலர் நோட்டைப் பாலிமரில் வெளியிட்டது, 1996க்குள் எல்லா மதிப்பும் மாறிவிட்டன. நோக்கம் அன்று கள்ள நோட்டைத் தடுப்பதுதான், பசுமைப் பேச்செல்லாம் பின்னால் வந்தது. பொருள் பாலிபுரொப்பிலீன் படலம், பிஸ்கட் பாக்கெட்டில் பார்க்கும் அதே குடும்பம். கனடா 2011இல் மாறுவதற்கு முன் செய்த மதிப்பீட்டில் புவி வெப்பமாதல் பாதிப்பு 32 சதவீதமும் ஆற்றல் தேவை 30 சதவீதமும் குறையும் என்று வந்தது. பிரிட்டனின் மதிப்பீடு இன்னும் சுவாரசியமானது. 5 பவுண்டு பாலிமர் நோட்டின் கார்பன் தடம் காகித நோட்டை விட 16 சதவீதம் குறைவு, 10 பவுண்டிலோ 8 சதவீதம்தான் குறைவு.

ஏன் பாதியானது? சின்ன நோட்டு அதிகம் கை மாறும், காகிதமாக இருந்தால் சீக்கிரம் கிழியும், அதனால் மாற்றினால் லாபம் அதிகம். பெரிய நோட்டு பீரோவில் தூங்கும், காகிதமே பல ஆண்டு தாங்கும், மாற்றினாலும் பெரிய லாபமில்லை. பாலிமரின் பெருமை முழுவதும் அதன் ஆயுளில்தான் இருக்கிறது, பொருளில் இல்லை.

பிரிட்டனில் இன்னொரு கதையும் நடந்தது. 2016இல் புதிய 5 பவுண்டு நோட்டின் படலத்தில் மிகச் சிறிய அளவு மாட்டுக்கொழுப்பு சார்ந்த சேர்மம் இருப்பது வெளிவந்தது. சைவ உணவாளர்களும் இந்துக் கோயில்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கருத்துக் கேட்டபோது பதில் எழுதியவர்களில் 88 சதவீதம் பேர் கொழுப்பு வேண்டாம் என்றார்கள். மாற்றாக இருந்தது பாமாயில். அதற்கு மாறினால் பத்து ஆண்டில் 1.65 கோடி பவுண்டு கூடுதல் செலவு, அதோடு காடழிப்பைப் பற்றிய கேள்வி. கடைசியில் 2017 ஆகஸ்டில் பழையபடியே தொடர்வது என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவு சரியா என்பது அவரவர் மனசாட்சிக்கு. இந்தியாவில் பாலிமரைக் கொண்டுவந்தால் இந்தக் கேள்வி முதல் நாளே எழும், அதற்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

இந்தியாவும் ஒரு முறை வாசல் வரை போனது. 100 கோடி எண்ணிக்கையில் 10 ரூபாய் பாலிமர் நோட்டு, சோதனைக்கு ஐந்து ஊர்: கொச்சி, மைசூரு, ஜெய்ப்பூர், சிம்லா, புவனேஸ்வர். ஈரம், வெயில், குளிர் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று திறமையாகத் தேர்ந்த பட்டியல். 2014இல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். அந்தச் சோதனை நோட்டு மக்கள் கைக்கு வரவே இல்லை. 2024இல் நாடாளுமன்றத்தில் கேட்டபோதும் பாலிமர் பற்றி முடிவெடுக்கவில்லை என்பதே பதில். இலங்கை 1998இல் சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டுக்காக 200 ரூபாய் பாலிமர் நோட்டு ஒன்றை வெளியிட்டுவிட்டு, பிறகு காகிதத்தோடேயே நின்றது. மலேசியாவும் சிங்கப்பூரும் சின்ன மதிப்புகளில் மட்டும் பாலிமரை வைத்துக்கொண்டன. எனக்குச் சரியென்று படுவது இந்தக் கலப்பு வழிதான். 500 ரூபாயைப் பாலிமராக்க அவசியம் எதுவும் தெரியவில்லை. 10, 20 ரூபாய்க்கு யோசிக்கலாம். அதற்கு முன் மலிவான ஒரு வழியைப் பார்த்துவிடுவது நல்லது.

அது வார்னிஷ். அச்சிட்டு முடித்த நோட்டின் இரு பக்கமும் மெல்லிய பூச்சு. நோட்டு அழுக்காவதற்கு முக்கியக் காரணம் மண்ணோ தூசியோ என்று நினைப்போம். உண்மையில் நம் விரல் தோலின் எண்ணெய்ப்பசைதான். அது இழைகளுக்குள் ஊறி, காற்றுபட்டு மஞ்சளாகிப் பழுப்பாகிறது. பூச்சு அந்த ஊறலைத் தடுக்கும். அச்சகத்தில் இருக்கும் இயந்திரங்களோடு ஒன்றைச் சேர்த்தால் போதும், காகித ஆலையை மூட வேண்டாம், படலத்துக்கு வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ரிசர்வ் வங்கி 100 ரூபாயில் இதைச் சோதித்துப் பார்ப்பதாக 2018-19 ஆண்டறிக்கையில் சொன்னது. என்னைக் கேட்டால் சோதனை 10 ரூபாயில் தொடங்கியிருக்க வேண்டும். அதிகம் அடிபடுவது அதுதானே.

நம் பேருந்து நடத்துநர் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்ளும் அழகு உங்களுக்குத் தெரியும். மீன் கடையில் ஈரக்கை. பூக்காரம்மாவின் சுருக்குப்பை. புது நோட்டு என்றால் மஞ்சள் குங்குமம் வைத்துத் தாம்பாளத்தில் வெற்றிலையோடு வைப்பது. எதையும் நான் குறை சொல்ல வரவில்லை, பணம் புழங்குவதற்குத்தான். ஆனால் நோட்டின் ஆயுளைக் குறைத்த ஒரு வழக்கம் நிர்வாக உத்தரவாலேயே மறைந்தது: வங்கிக் கட்டுகளில் ஸ்டேப்ளர் அடிப்பது. 2001இல் ரிசர்வ் வங்கி தடை செய்தது. அதற்கு முன் புத்தம்புதுக் கட்டைப் பிரிக்கும்போதே நீர்க்குறி ஜன்னலில் ஓட்டை விழுந்து கிழியும். ஒரு காகிதப் பட்டையைச் சுற்றியதில் கோடிக்கணக்கான நோட்டுகளின் ஆயுள் கூடியது. இதுவரை நம் நாட்டில் எடுத்த பசுமை நடவடிக்கைகளில் மலிவானது இதுவாகத்தான் இருக்கும், அந்தப் பெயரில் யாரும் அதை அழைக்காவிட்டாலும்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சங்கடம் 10 ரூபாய் நாணயம். செல்லும், சட்டப்படி வாங்கியே ஆக வேண்டும் என்று எத்தனை தடவை அறிவித்தாலும் நம் கடைக்காரர்கள் பலர் கையை ஆட்டிவிடுகிறார்கள். அதனால் அந்த வேலையையும் ஓராண்டு தாங்கினாலே பெரிது என்னும் 10 ரூபாய் நோட்டுதான் செய்கிறது. நாணயம் இருபது ஆண்டுக்கு மேல் நிற்கும். ஆனால் நாணயம் என்றாலே பசுமை என்றும் சொல்லிவிட முடியாது. நெதர்லாந்து மத்திய வங்கி 2018இல் வெளியிட்ட ஆய்வில் ரொக்கத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பில் 31 சதவீதம் நாணயத் தயாரிப்பிலிருந்தே வந்தது, காரணம் உலோகம். அடித்த நாணயம் சுற்றினால்தான் லாபம். செம்பும் துத்தநாகமும் போட்டு அடித்துவிட்டு, உண்டியலிலும் வங்கி மூட்டையிலும் கிடந்தால், நோட்டின் கேடும் நாணயத்தின் கேடும் சேர்ந்தே நம் தலையில் விழும். தமிழ்நாட்டில் இப்போது நடப்பது கிட்டத்தட்ட இதுதான்.

சலவை நோட்டு மோகத்தையும் சொல்ல வேண்டும். கல்யாண மொய், பொங்கல் காசு, தீபாவளி இனாம் என்றால் மொடமொடப்பான நோட்டுதான் வேண்டும். சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டுக்கு இதே பழக்கம். அங்கே நாணய ஆணையம் வெளிப்படையாகக் கணக்குச் சொன்னது: விழாவுக்காகப் புது நோட்டு வெளியிடுவதால் ஏறத்தாழ 330 டன் கார்பன் உமிழ்வு. பரிசுக்குத் தகுந்த நல்ல நிலையில் உள்ள பழைய நோட்டைத் தருகிறோம், அதையே வைத்துக் கொடுங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டது. நம் வங்கிகளும் பண்டிகைக் காலத்தில் இப்படி நல்ல நோட்டுக் கட்டுகளைத் தனியே தரலாம். புதுக் கட்டைக் கூடுதல் விலைக்கு விற்கும் ஆட்களின் பிழைப்பும் கொஞ்சம் குறையும்.

அளவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய 500 ரூபாய் 167க்கு 73 மில்லிமீட்டர், இப்போதையது 150க்கு 66. பரப்பில் கிட்டத்தட்ட 19 சதவீதம் குறைவு. 100 ரூபாயிலும் 18 சதவீதம். காகிதம், மை, வேனில் பிடிக்கும் இடம் எல்லாமே அந்த விகிதத்தில் குறைகின்றன. பசுமைக்காகச் செய்தது என்று யாரும் அறிவிக்காத, ஆனால் எண்ணிக்கையில் பெரிய சேமிப்பு.

ஆனால் அந்த அளவு மாற்றம் வந்த விதம்? 2016 நவம்பரில் செல்லாததாக்கிய 500, 1000 நோட்டுகள் ஏறத்தாழ 2,400 கோடி. நோட்டுக்கு ஒரு கிராம் என்று வைத்தாலே 20,000 டன்னுக்கு மேல், அதில் எத்தனையோ நோட்டு இன்னும் பல ஆண்டு ஓடியிருக்கும். அவற்றுக்கு ஈடாகப் புதிதாக அச்சிட்டது, புதிய அளவுக்காக நாட்டின் ஒவ்வொரு ஏடிஎம்முக்கும் ஆள் அனுப்பித் தட்டுகளை மாற்றியது எல்லாம் தனிக்கணக்கு. அரசியல் பேசவில்லை. நோட்டு வடிவத்தை அடிக்கடி மாற்றாமல் இருப்பதே ஒரு சுற்றுச்சூழல் கொள்கை என்கிறேன். எந்தச் சவ்வு வடிகட்டியும் சேமிக்க முடியாத அளவை ஓர் அறிவிப்பு ஒரே இரவில் செலவழித்துவிடும்.

ஏடிஎம் விஷயத்துக்கு வருகிறேன். நம் வெயிலில் இயந்திரத்தை விட அந்தக் கண்ணாடி அறையின் ஏசிதான் அதிக மின்சாரம் குடிக்கிறது. சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த வோர்டெக்ஸ் என்ற நிறுவனம் கிராமங்களுக்காகவே ஓர் ஏடிஎம் செய்தது, பெயர் கிராமடெல்லர். ஏசி வேண்டாம், சூரிய மின்சாரத்தில் ஓடும், அழுக்கு நோட்டையும் சிக்காமல் தள்ளும். ஸ்டேட் வங்கி வாங்கிப் பயன்படுத்தியது. ஏசி இல்லாத ஏடிஎம் முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது, நம் மண்ணிலேயே செய்து காட்டியாகிவிட்டது. அதேபோல் ஒருவர் போட்ட பணத்தையே அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்கும் இயந்திரங்கள் கடைத்தெருக்களில் பெருகினால் வேன் நடைகள் தானாகக் குறையும்.

யுபிஐ பற்றிக் கேட்டீர்கள். 2016 நவம்பரில் புழக்கத்தில் இருந்த நோட்டின் மதிப்பு சுமார் 18 லட்சம் கோடி, 2025 மார்ச்சில் 36 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. டீக்கடை வரை க்யூஆர் வந்த பிறகும் நிலைமை இதுதான். கார்டு, மொபைல் என்றால் பாதிப்பே இல்லை என்பதும் தவறு. அதே நெதர்லாந்து மத்திய வங்கிக் கணக்கில் ஒரு ரொக்கப் பரிமாற்றம் 4.6 கிராம் கார்பன், டெபிட் கார்டு 3.8 கிராம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ரொக்கத்தை ஒழிக்கச் சொல்லும் அளவுக்கு இல்லை. நோட்டு நம்மோடு இருக்கப்போகிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் திட்டமிட வேண்டும்.

கடைசிக் கட்டம் கழிவு. ஆண்டுக்கு 2,000 கோடிக்கும் மேற்பட்ட அழுக்கு நோட்டுகளை ரிசர்வ் வங்கி பொடியாக நறுக்கி, அழுத்தி, கட்டிகளாக்குகிறது. சராசரியாக 15,000 டன். ஒரு காலத்தில் எரித்தார்கள். ஹங்கேரியில் இந்தக் கட்டிகளைக் குளிர்காலத்தில் அடுப்பெரிக்கத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்ததுண்டு. பிரிட்டன் காகித நோட்டை எருவாக்கியது, பாலிமர் நோட்டை உருக்கிப் பூந்தொட்டி மாதிரிப் பொருள்களாக்குகிறது. யூரோ அமைப்பு 2018 இறுதியோடு குப்பைமேட்டில் கொட்டுவதை நிறுத்தியது.

நமக்கு அருமையான முன்னுதாரணம் கேரளத்தில் இருக்கிறது. 2016இல் திருவனந்தபுரம் ரிசர்வ் வங்கி அலுவலகத்திலிருந்து வந்த பழைய நோட்டுத் துண்டுகளைக் கண்ணூர் வளபட்டணத்தில் உள்ள வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் ஆலை மரக்கூழோடு சிறு விகிதத்தில் கலந்து ஹார்டுபோர்டு செய்தது. முன்னே சொன்ன பிசினால் துண்டுகள் சாதாரணமாகக் கூழாகவில்லை, வெப்பமும் அழுத்தமும் கொடுத்துத்தான் பிரித்தார்கள். சென்னை புழல் சிறையில் கைதிகள் அதே துண்டுகளைக் கொண்டு அலுவலகக் கோப்பு அட்டைகள் செய்தார்கள். பின்னர் ரிசர்வ் வங்கியே பெங்களூருவின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தை வைத்து ஆராய்ந்து, துகள்பலகை செய்ய இவை தகுதியானவை என்று உறுதி செய்துகொண்டது. பலகை உற்பத்தியாளர்களைப் பட்டியலில் சேர்க்கும் வேலை தொடங்கியிருப்பதாக 2024-25 ஆண்டறிக்கை சொல்கிறது.

நல்ல முடிவு, ஆனால் டெண்டர் எழுதும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, துகள்பலகையை ஒட்டும் பசையிலும் ஃபார்மால்டிஹைடு உண்டு, நோட்டுப் பிசினில் இருப்பதோடு சேர்ந்து பலகையிலிருந்து வெளிவரும் வாயு வரம்புக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கச் சொல்ல வேண்டும், அந்தப் பலகை பள்ளிக்கூட மேசையாகவும் போகும். இரண்டு, தூரம். கட்டிகளை அதிக விலைக்குக் கேட்பவருக்கே கொடுப்பது என்று விதி வைத்தால் சென்னைத் துண்டுகள் குஜராத் வரை லாரியில் போகும், மிச்சம் பிடித்ததை டீசல் தின்னும். கேரளத்தின் பெரும்பாவூர் வட்டாரத்தில் பலகை ஆலைகள் நிறைந்திருக்கின்றன. தென்னிந்திய அலுவலகங்களின் கட்டிகள் அந்தச் சுற்றளவுக்குள்ளேயே போகும்படி, விலையோடு தூரத்துக்கும் மதிப்பெண் போட்டுத்தான் ஏலம் விட வேண்டும்.